குழாயில் நின்ற தண்ணீர்

"அந்த ஆலைக் குழாய் பொய் சொல்லுது வடிவு," என்றார் அருமைநாயகம்.

செண்பகவடிவு குனிந்து பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பதினோரு வருசமா நான்தான் அதுல தண்ணி எடுக்கேன். பதினோரு தடவையும் நல்ல தண்ணின்னுதான் முடிவு வந்திருக்கு. அங்கேருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு வீட்டுக் கிணறு. அதுல தண்ணி மஞ்சளா இருக்குன்னு ஒரு பொம்பள வாராவாரம் பாட்டிலோட வந்து நிக்கா. ரெண்டும் ஒரே மண்ணு. அது எப்படி?"

"நீங்க அதுகிட்ட என்ன கேட்டிய அண்ணாச்சி?"

"குழாய்கிட்ட என்னத்தக் கேக்க? பாட்டிலை உள்ள விட்டேன். எடுத்தேன். மூடினேன்."

"எவ்வளவு நேரம் நின்னிய?"

அருமைநாயகம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அரை மணி நேரம் இருக்கும்."

வடிவு கழுவிய பாட்டில் ஒன்றை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் கழுவினாள்.

"திங்கக்கிழம போவோம்," என்றாள்.

*

நிலத்தடி நீரைச் சோதிக்கும் அலுவலகம் அது. அருமைநாயகத்துக்கு ஐம்பத்து நாலு வயது. ஊர் ஊராகப் போய், ஆழ்குழாய்களில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, சீட்டு ஒட்டி, ஆய்வுக்கூடத்தில் கொடுப்பது அவருடைய வேலை.

வடிவுக்கும் அதே வேலைதான். வயது முப்பத்தாறு. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் எடுத்த தண்ணீரை எந்தக் கோர்ட்டிலும் எவரும் தள்ள முடிந்ததில்லை என்று அவளுக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது.

அருமைநாயகத்தை யாரும் அவளிடம் அனுப்பவில்லை. அவராகத்தான் போனார்.

போனதற்கு இரண்டு காரணம். ஒன்று, பாட்டிலோடு வரும் அந்தப் பெண். பேர் பேச்சிக்கனி. அவள் சண்டை போடுவதில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அவர் போகும்போதும் வரும்போதும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று, அந்தக் குழாய் இருக்கும் ஊரில் புதிதாகக் கட்டிய மாணவியர் விடுதி. எண்பது பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. குடிதண்ணீருக்கு அங்கேயே ஒரு ஆழ்குழாய் போட்டிருந்தார்கள். அங்குள்ள பழைய ஆலையின் சோதனைக் குழாயில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அருமைநாயகத்தின் தாள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் விடுதிக் குழாயைத் திறந்துவிடுவார்கள்.

*

ஒடைவிளை என்று அந்த ஊருக்குப் பேர். தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். அதில் அங்கங்கே பனையும் உடை மரமும்.

ஊருக்கு மேற்கே அந்த ஆலை. சைக்கிள் கைப்பிடிக்கும் ரிம்முக்கும் குரோமிய முலாம் போட்ட ஆலை. மூடிப் பதினான்கு வருடம் ஆகிறது.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜீப் உள்ளே போனது.

கூரைத் தகரம் பாதிக்கு மேல் இல்லை. சுவர்களில் இடுப்பு உயரம்வரை மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. தொட்டால் உதிரும் உப்பு. மழைக்காலம் முடிந்ததும் சுவர் அதைத் தானாக வெளியே தள்ளும் என்று ஊரில் சொல்வார்கள்.

மதில் ஓரத்துப் பனையில் ஒரு காக்கை கூட இல்லை. தரையில் எறும்பு இல்லை. ஜீப்பின் பின்னாலேயே குரைத்துக்கொண்டு ஓடிவந்த நாய் வாசலோடு நின்றுவிட்டது. குரைப்பதையும் நிறுத்திவிட்டது.

ஆலைக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் மண்ணிலிருந்து எழுந்து நின்றது. தலையில் மூடி. மூடியில் விரல் நுழையாத சின்ன ஓட்டை.

இருபது அடி தள்ளி அருமைநாயகம் நின்றுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி."

"நீ போ. நான் சாமானை எடுத்துட்டு வாரேன்."

சாமான் முழுவதும் வடிவின் கையில் இருந்தது.

அவள் குழாயின் அருகே போய் மூடியைத் திருகினாள். மூடி கழன்றபோது உள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ரொம்ப நேரம் அடக்கி வைத்திருந்தவர் விடுகிற மூச்சு.

"கேட்டியா?" என்றார் அருமைநாயகம்.

"கேட்டேன்."

"என்ன அது?"

அவள் சிரிக்கவில்லை.

"காத்து. வெளியே காத்தோட கனம் குறைஞ்சா உள்ள இருக்கது மேல வரும். கூடினா வெளிய இருக்கது உள்ள போகும். காலையில பத்து மணிவரைக்கும் இழுக்கும். அதுக்குப் பிறகு விடும்."

"எல்லாக் குழாயும் அப்படியா?"

"சில குழாய்தான்."

அருமைநாயகம் மெதுவாகக் கிட்டே வந்தார். அவர் எப்போதும் வருவது காலை எட்டு மணிக்கு.

*

வடிவு ஒரு கயிற்றில் நீளமான வாளிக்குழல் ஒன்றைக் கட்டி உள்ளே இறக்கினாள். இருபத்திரண்டு அடியில் அது தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது. இழுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள்.

பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீர்.

"இதைத்தானே எடுத்திய?"

"இதையேதான். பாரு, எவ்வளவு நல்லா இருக்கு."

"குடிப்பியளா?"

அருமைநாயகம் டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை.

"இது போன வருசம் நீங்க மூடிட்டுப் போன தண்ணி," என்றாள் வடிவு. "அன்னைலேருந்து இரும்புக்குள்ளேயே நிக்கி. நிக்க நிக்க, அதுல இருந்த விசத்தை இரும்பு தின்னுட்டு. குழாய்க்கு வெளிய மண்ணுக்குள்ள என்ன ஓடுதுன்னு இதுக்குத் தெரியாது."

டம்ளரை மணலில் கவிழ்த்தாள். மணல் உடனே உறிஞ்சிக்கொண்டது.

அருமைநாயகம் ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதை எல்லாம் இறைச்சு வெளிய தள்ளணும். அம்புட்டுதானே? பெரிய பம்பைப் போடு. அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவோம்."

"போடுங்க," என்றாள் வடிவு. சுவிட்சை அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர் முழு வேகத்தில் போட்டார்.

தண்ணீர் பாய்ந்து வந்தது. முதலில் தெளிவாக. பிறகு துருப்பிடித்த நிறத்தில். ஆறு நிமிடம் ஆனதும் பம்பு காற்றைக் குடித்து அலறியது. ஹோஸ் பாம்பு போல ஒரு முறை துள்ளி, குழம்பு மாதிரிச் செம்மண்ணைக் கக்கியது.

குழாய் வற்றிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

குழாயின் அடியில் சுற்றிலும் துளைகள் உண்டு. வற்றிய குழாய்க்குள் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் ஒழுகி விழுந்தது. ஒரு சொட்டு இல்லை, நூறு சொட்டு. இரும்பு அதை மேலே கொண்டுவந்தது. அடுத்த தெருவில் சாவு விழுந்த வீட்டில் பெண்கள் கூடி அழுவது இப்படித்தான் கேட்கும். ஒரு சொல்லும் புரியாது. அழுகை என்பது மட்டும் புரியும்.

அருமைநாயகம் நிமிர்ந்தார். மதில் இடிந்த இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சிக்கனி.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பாட்டில் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க," என்றாள். "அது அழுதுல்லா."

வடிவு எட்டிச் சுவிட்சை அணைத்தாள். பம்பு நின்றது. அழுகை நிற்கவில்லை. கால் மணி நேரம் உள்ளே அது ஒழுகிக்கொண்டே இருந்தது. அருமைநாயகமும் வடிவும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடங்கியபோது மதிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அருமைநாயகம் ஒரு பாட்டிலை எடுத்தார். ஹோஸில் மிச்சமிருந்த செம்மண் தண்ணீரை அதில் பிடித்தார்.

"இதை அனுப்புவோம் வடிவு. பாத்தாலே விசம்னு தெரியுது. எந்த மெசின்ல போட்டாலும் எகிறும்."

அவள் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தாள்.

"ஏன்?"

"அடிச்சுக் கேட்டா யாரும் எதையாவது சொல்லிருவாவ அண்ணாச்சி. கலங்கின தண்ணியில மண்ணுல இருக்கதெல்லாம் சேந்து வரும். இல்லாததும் இருக்க மாதிரி காட்டும். நாளைக்குக் கேஸ்னு வந்தா ஆலைக்காரர் வக்கீல் ஒத்த கேள்வியில தள்ளிருவார்."

"சும்மா எடுத்தாலும் தப்பு. இறைச்சு எடுத்தாலும் தப்பு. அப்ப எதுதான் தண்ணி?"

வடிவு ஹோஸைச் சுருட்டினாள்.

"வெள்ளிக்கிழம," என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஃபோன் செய்தார்.

"நாயகம், விடுதித் தாள் என்ன ஆச்சு? வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள வந்திரணும். பழசு மாதிரியே ஒண்ணு போட்டு அனுப்பிரும். இத்தனை வருசம் மாறாதது இப்பவா மாறப்போகுது?"

"சரி சார்," என்றார் அருமைநாயகம்.

மறுநாள் அவர் கோப்பு அறைக்குப் போனார். ஒடைவிளைக் கட்டை எடுத்து மேசையில் பிரித்தார். பதினோரு தாள்கள். பதினோரு தாளிலும் குரோமியம் என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட ஒரே எண்.

ஓடும் தண்ணீர் இப்படி இருக்குமா என்று ஒரு நாளாவது யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தாளின் கீழும் இன்னொரு கட்டம் இருந்தது. 'மாதிரி எடுக்கும் முன் நீர் வெளியேற்றிய நேரம்.' அதில் பதினோரு முறையும், அழகான கையெழுத்தில், 'அரை மணி' என்று எழுதியிருந்தது.

அது அவருடைய கையெழுத்து.

*

வெள்ளிக்கிழமை வடிவு காலை வெள்ளெனவே கிளம்பிவிட்டாள்.

"எட்டு மணிக்கா?" என்றார் அருமைநாயகம். "பத்து மணிக்கு மேல போனா என்ன?"

"எட்டு மணிக்கு," என்றாள்.

நாலு நாளில் குழாய்க்குள் தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறிவந்திருந்தது. வடிவு இந்த முறை கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன பம்பை எடுத்தாள். அதைத் தண்ணீருக்குள் தளும்பாமல், ஒரு அடி ஒரு அடியாக, துளைகள் இருக்கும் ஆழம்வரை இறக்கினாள். அதற்கே அரை மணி நேரம் எடுத்தாள்.

பிறகு அதை ஓடவிட்டாள். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. மெல்லிய குழலின் நுனியிலிருந்து, விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல, ஒரு இழை தண்ணீர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்து வழிந்தது. கிண்ணத்துக்குள் ஒரு மீட்டர்.

ஒரு வாளியைக் கவிழ்த்து, குழாய்க்கு ஒரு முழம் தள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க. இதுல மூணு நம்பர் ஓடும். சூடு, காரம், உப்பு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எழுதுங்க. மூணு தடவ மாறாம வந்தா என்னைக் கூப்பிடுங்க."

"நீ எங்க போற?"

"அந்த மரத்தடிக்கு."

உடை மரம் நூறு அடி தள்ளி இருந்தது. அவள் போய் அதன் முள் நிழலில் உட்கார்ந்தாள். அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அருமைநாயகம் நோட்டைத் தொடையில் வைத்தார். முதல் மூன்று எண்களை எழுதினார்.

அப்போது குழாய் மூச்சை இழுத்தது.

அவர் அந்த மூச்சை அறிவார். மெதுவாக, வாயோரமாக, நிற்காமல் உள்ளே போகும். ஒரு ஆள் ஏதோ சொல்லப்போகும்முன் இழுக்கிற அதே மூச்சு.

எழுந்திருக்கப் பார்த்தார். பாதியில் மறுபடியும் உட்கார்ந்தார். மரத்தடியில் வடிவு திரும்பவில்லை.

அஞ்சு நிமிடம். எண்கள் மாறியிருந்தன. எழுதினார்.

"வடிவு," என்று சத்தம் போட்டார். "அந்த நாள்ல பம்பு ரிப்பேரு. எத்தன மனு எழுதினேன் தெரியுமா?"

பேனாவை நோட்டில் தட்டினார்.

அஞ்சு நிமிடம். எண்கள் மாறியிருந்தன. எழுதினார்.

"ஜீப்பும் சரியா குடுக்க மாட்டாவ. ஒரே நாள்ல எட்டு ஊரு பாக்கணும்னு சொன்னா மனுசன் என்ன செய்வான்?"

வடிவு கையில் இருந்த குச்சியால் மணலில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள்.

குழாய் இழுத்துக்கொண்டே இருந்தது. காற்றில் பறந்துவந்த ஒரு பனஞ்சருகு குழாயின் வாயருகே திரும்பி, அதில் போய் ஒட்டிக்கொண்டது. கையை நீட்டி அதை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. எடுத்தபோது அந்த இழுப்பு அவர் உள்ளங்கையில் பட்டது. குளிர்ந்திருந்தது.

அஞ்சு நிமிடம். எழுதினார். அஞ்சு நிமிடம். எழுதினார்.

"நான் நிக்கவே இல்ல," என்றார்.

இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை. மரத்தடிக்குக் கேட்டிருக்காது.

"முத வருசம் வந்தப்ப மூடியைத் தொறந்தேன். இப்படித்தான் மூச்சு இழுத்துச்சு. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. யாரோ பேச வாயெடுக்காவன்னு நெனச்சேன். பேசிட்டா என்ன செய்ய? பாட்டிலை உள்ள விட்டேன். வந்ததை எடுத்துட்டு ஓடிட்டேன். ஜீப்புல ஏறினப்புறந்தான் மூடியே போடலைன்னு நெனப்பு வந்துச்சு."

நெற்றியைத் துடைத்தார்.

"அடுத்த வருசமும் அதே. அதுக்கடுத்த வருசம் பயம்னு கூட இல்ல. பழகிட்டு. வாறது, எடுக்கது, போறது. எத்தன நேரம்னு கேட்ட கட்டத்துல அரை மணின்னு எழுதினேன். கிணத்துல மஞ்சளா வருதுன்னு பேச்சிக்கனி வந்தப்ப, என் தாளைக் காட்டித்தான் அவளை அனுப்பினாவ. இந்தா பாரும்மா, நல்ல தண்ணின்னு. அன்னைக்கு அவ கூட ஒரு பிள்ள வந்திருந்திச்சு. பதினாலு வயசு இருக்கும். பிறகு வந்தப்ப எல்லாம் அவ தனியாத்தான் வந்தா. பிள்ளை எங்கன்னு நான் கேக்கல."

தண்ணீர் ஒரே இழையாக விழுந்துகொண்டிருந்தது.

பத்து மணி ஆகும்போது குழாயின் இழுப்பு குறைந்தது. பிறகு நின்றது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அப்படி ஒரு அமைதியை அருமைநாயகம் அதற்குமுன் கேட்டதில்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது அவருக்குக் கேட்டது.

பிறகு அவர் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது. உள்ளிருந்து.

அவர் நகரவில்லை. நோட்டைப் பார்த்தார். கடைசி மூன்று வரிகளும் ஒன்றுபோல இருந்தன.

"வடிவு."

அவள் எழுந்து வந்தாள். நோட்டைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார்.

இரண்டு மணி நேரமாக அவர் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை.

கலங்கல் இல்லை. தூசி இல்லை. அடி தெரியும் அளவுக்குத் தெளிவு. ஆனால் மஞ்சள். வெட்டிய எலுமிச்சையின் மஞ்சள்.

எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இது இத்தனை நாளும் இங்கேயேவா இருந்திச்சு?" என்றார்.

"வேற எங்க போகும்?" என்றாள் வடிவு. "இப்ப எடுங்க."

அவர் கையுறை மாட்டி, பாட்டிலைக் குழலின் நுனியில் பிடித்தார். ஒரு குமிழிகூட இல்லாமல் அது நிறையும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். சீட்டை ஒட்டினார். எடுத்தவர் பேர் எழுதினார். வெளியேற்றிய நேரம் என்ற கட்டத்தில் 'ஒரு மணி ஐம்பது நிமிடம்' என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் அவர் எழுதிய முதல் உண்மை அது.

*

பிற்பகல் நாலு மணிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. குரோமியம், இருக்கக்கூடிய அளவைப்போல எண்பது மடங்கு.

அருமைநாயகம் மேலதிகாரிக்கு ஃபோன் செய்தார்.

"விடுதிக் குழாயைப் பூட்டச் சொல்லுங்க சார். லாரித் தண்ணிக்கும் ஏற்பாடு பண்ணுங்க. விடுதிக்கு மட்டும் இல்ல. ஒடைவிளை முழுசுக்கும்."

"என்னவே சொல்லுதீரு? அப்ப பழைய பதினோரு தாளு?"

"அதுல தண்ணி சரியா எடுக்கல. எடுத்த நேரம் நான் எழுதினது பொய்."

மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"இதை எழுதிக் குடுப்பீரா? வேலை போயிரும். யோசிச்சுக்கிடும்."

"எழுதிட்டேன் சார்."

ஃபோனை வைத்தார். வெளியே வந்தார். உடம்பு லேசாக இருந்தது. ஜீப்பில் ஏறி வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சிட்டு," என்றார். "என்னை வீட்டுல விட்டிரு."

வடிவு ஜீப்பைக் கிளப்பினாள். முச்சந்தியில் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?"

அவள் கியரை மாற்றினாள். கொஞ்ச தூரத்தில் சாலை சிவந்தது. தேரி மணல்.

*

சாயங்கால வெயில் பேச்சிக்கனியின் வீட்டு வாசலில் பாதி கிடந்தது. வடிவு ஜீப்பை நிறுத்தினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை.

அருமைநாயகம் தனியாக இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் ஒரே அறை. சுவரில் காய்ந்த மாலையோடு ஒரு படம். இரட்டைச் சடை போட்ட பெண். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் முகம் கொஞ்சம் கலைந்திருந்தது.

பேச்சிக்கனி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"இனிமே அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்காதிய. நாளைலேருந்து லாரி வரும். சோதனையில தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சிருங்க."

சொல்லி முடித்து, கைகூப்பி, திரும்பினார்.

"சார்," என்றாள் பேச்சிக்கனி.

அவர் நின்றார்.

"தப்பு நடந்துபோச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவளே. ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொன்னாவ. உக்காருங்க."

"இதுக்கு மேல என்னம்மா சொல்ல இருக்கு?"

"எனக்குத் தெரியல. உக்காருங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பாயை விரித்தாள். அதற்கு எதிரே வெறுந்தரையில் தான் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள்.

அருமைநாயகம் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"நான் ஒவ்வொரு வருசமும்..." என்று ஆரம்பித்தார். தாளில் எழுதிக்கொடுத்த வரியேதான் வாயில் வந்தது. நிறுத்தினார்.

பேச்சிக்கனி காத்திருந்தாள்.

வெளியே வடிவு இன்ஜினை அணைத்தாள்.